முள்ளுக்கு ஒரு மட்டை

போன வாரம் செல்வம் வீட்டுக்கு வந்தான். நான் பார்த்துவந்த குப்பை வண்டி மேற்பார்வையாளர் வேலையை இப்போது பார்ப்பவன். முப்பது வயது, படித்தவன், மரியாதை தெரிந்தவன். கையில் எப்போதும் கைப்பேசி. வாசலில் நின்றபடியே கேட்டான்.

"அண்ணே, கடற்கரைத் தெருவுல வீட்டுக்கு வீடு ஒரு தேங்கா மட்டை தொங்குதே, அது என்ன, திருஷ்டிக்கா?"

"எதுக்குக் கேக்குற?"

"ஆய்வுக் குழு வருது. பார்வைக்கு நல்லால்ல, அவுத்துருங்கன்னு ஆர்டர். சாமி விஷயமா இருந்தா அந்தத் தெருப் பொம்பளைங்க சும்மா விட மாட்டாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அவுப்போம்னு வந்தேன்."

அந்த மட்டை சாமி விஷயம் இல்லை. அதை அவிழ்த்தால் குப்பை அள்ளுகிற யாருடைய கையாவது போகும். ஏற்கனவே ஒரு கை போயிருக்கிறது. இதைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவனுக்கு அழைப்பு வந்தது. "இந்தா வந்துர்றேண்ணே" என்று வண்டியைக் கிளப்பிப் போனவன் வரவில்லை. மீதியைக் கேட்க ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் ஒரு ஊர். பெயர் போட்டால் நாலு பேர் படித்துவிட்டு, "எங்க ஊர்ல அப்படியெல்லாம் நடக்கல" என்பார்கள். நடந்த வேறு ஊர்களில் இருப்பவர்களும் அதையேதான் சொல்வார்கள்.

எனக்குச் சொந்த ஊர் அபிராமம் பக்கம். எட்டாவது வரை போனேன். எட்டாவதை முடித்தேன் என்று சொல்லவில்லை. அய்யாவுக்குக் கொஞ்சம் மிளகாய்க் காடு இருந்தது. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் நான் வெளியூர். அப்படித்தான் கிளம்பினேன். தூத்துக்குடி உப்பளம், லாரியில் கிளீனர், கேரளாவில் கல் உடைப்பு, மண்டபத்தில் ஐஸ் கம்பெனி, பிறகு சைக்கிளில் பழைய இரும்பு. உப்பளத்தில் கால் வெடிக்கும், ஐஸ் கம்பெனியில் கை வெடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். எதிலும் நிலைக்கவில்லை. யாரும் விரட்டவில்லை, நானாகத்தான் போனேன். ஓரிடத்தில் கொஞ்ச நாள் நின்றால் எனக்குக் கால் அரிக்கும்.

இரும்பு வாங்கித் திரிந்தபோதுதான் குப்பை வண்டிக்கு ஆள் எடுத்தார்கள். தெருத் தெருவாக நடப்பதற்குச் சம்பளம் என்றார்கள். நான் எப்படியும் நடக்கிற ஆள். சேர்ந்தேன். மேற்பார்வையாளராகி, வயது வரம்பு வந்து ஒப்பந்ததாரர் அடையாள அட்டையைத் திருப்பி வாங்குகிற வரை அங்கேயே இருந்தேன். வீட்டில் யாரும் நம்பவில்லை.

அந்தக் காலத்தில் வேலை சுலபம். தெருமுனையில் ஒரு குவியல் கிடக்கும். அதை டிராக்டரில் அள்ளி ஊருக்கு வெளியே ஊருணிக்கரையை ஒட்டிக் கொட்டுவோம். யாராவது தீ வைப்பார்கள். ஊரே குடிக்கிற தண்ணீர் அந்த ஊருணியில்தான் கிடந்தது. கரையில் பிளாஸ்டிக் புகையும், படியில் பெண்கள் குடம் நிறைப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அதைப் பார்த்தவர் புதிதாக வந்த சுகாதார ஆய்வாளர். அலுவலகத்தில் அந்தப் பதவியைச் சுருக்கி எஸ்.ஐ. என்பார்கள். முதல் நாள் நான் ஒரு தெருவில் "எஸ்.ஐ. வாராரு" என்று சொல்ல, சீட்டாடிக்கொண்டிருந்த ஆட்கள் சுவர் ஏறிக் குதித்து ஓடினார்கள். போலீஸ் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து என்னைத் திட்டினார்கள். அன்றிலிருந்து ஊரில் அவருக்குக் குப்பை எஸ்.ஐ. என்று பெயர். அவருக்கும் தெரியும். ஒன்றும் சொன்னதில்லை.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எங்கள் எல்லோரையும் வாங்க, போங்க என்பார். விடிந்ததும் வந்துவிடுவார். கையில் ஒரு மெல்லிய பிரம்பு. அதன் நுனியால் தொட்டி மூடியைத் தூக்கி உள்ளே பார்ப்பார். மேலாகப் பார்த்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. பிரம்பை உள்ளே விட்டு அடியிலிருந்து கிளறுவார். பார்த்து முடித்து மூடியைச் சத்தமில்லாமல் இறக்கி "ம்" என்பார். நல்ல "ம்" எது, கெட்ட "ம்" எது என்று பிரித்தறிய எங்களுக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. மூக்கைப் பொத்தவே மாட்டார். நாங்கள் பொத்தினாலும் பிடிக்காது.

"வீட்டுக்காரங்க முன்னால மூக்கைப் பொத்தாதீங்க. அவங்க குப்பையை நீங்க கேலி பண்றதா நினைப்பாங்க. அப்புறம் கதவைத் திறக்க மாட்டாங்க."

அவரிடம் எரிச்சல் மூட்டுகிற ஒரே பழக்கம், எதைச் சொன்னாலும் "விதியில எங்க இருக்கு?" என்று கேட்பது. மழைக்கு ஒதுங்கலாமா என்று கேட்டாலும் அதுதான்.

அவர்தான் வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு ஒரு பச்சைத் தொட்டி, ஒரு நீலத் தொட்டி, இரண்டும் மூடியோடு, இலவசம். பச்சையில் மக்குகிற குப்பை, நீலத்தில் மக்காதது. பச்சைத் தொட்டிக் குப்பை உரக்கொட்டகைக்கு, நீலத் தொட்டிக் குப்பை பழைய பொருள் வாங்குகிறவருக்கு. ஊருணிக்கரைக்கு ஒன்றும் போகாது. இதைத் தெருத் தெருவாக மைக்கில் சொன்னோம், படம் போட்டுக் கொடுத்தோம். மறுநாள் விசிலை ஊதிக்கொண்டு வண்டியைத் தள்ளினால், ஒரு வீட்டிலிருந்தும் தொட்டி வெளியே வரவில்லை. பழையபடி பையில் முடிந்து நீட்டினார்கள்.

"தொட்டி எங்கம்மா?"

"உள்ள இருக்கு."

"குப்பை?"

"இந்தா, பையில."

"குப்பை பையில இருந்தா தொட்டியில என்ன இருக்கு?"

"தண்ணி இருக்கு. வேற என்ன இருக்கும்? மூடியோட ரெண்டு குடுத்துருக்கீக, நல்லாருப்பீக. பச்சையில குடிக்கிறதுக்கு, நீலத்துல பொழங்குறதுக்கு. நீங்க சொன்ன மாதிரி பிரிச்சுத்தான் வச்சுருக்கோம்."

எங்கள் சீமையில் ஒழுகாத எதைக் கொடுத்தாலும் அதில் தண்ணீர்தான் நிறையும். இதை யாராவது முன்னாலேயே யோசித்திருக்கலாம். நான் இந்த மண்ணில் பிறந்தவன், எனக்கே தோன்றவில்லை. ஆய்வாளர் வந்து பார்த்தார். "ம்" என்றார். ஒரு வாரம் கழித்துத் துளை போடும் மிஷினோடு வந்து, வீடு வீடாக, "உங்க தண்ணியை வேற பாத்திரத்துல ஊத்திக்கங்கம்மா" என்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் வரிசையாகத் துளை போட்டுக் கொடுத்தார். இனிமேல் தண்ணீர் நிற்காது என்று நாங்கள் சந்தோஷமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். தொட்டிகள் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே கோழிக்குஞ்சு.

"பஞ்சாரத்தவிட இது தேவலங்கய்யா" என்று ஒரு அம்மா ஆய்வாளரிடமே சொன்னார். "சார் ஓட்டை போட்டுக் குடுத்ததுல காத்து நல்லாப் போகுது."

அன்றைக்கு அவர் "ம்" கூடச் சொல்லவில்லை.

பிறகு கிழமைச் சண்டை. நீலத் தொட்டிக்கு வெள்ளிக்கிழமை என்று குறித்திருந்தது. சிக்கல் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய விவசாயக் குடும்பங்கள் ஒரு தெரு முழுக்க இருந்தன. அங்கே வெள்ளிக்கிழமை ஒரு கதவும் திறக்காது.

"வெள்ளிக்கிழம வீட்டுப் பொருள வெளிய குடுக்க மாட்டோம்ப்பா."

"இது குப்பைங்கம்மா."

"குப்பையா இருந்தா என்ன? வெள்ளிக்கிழம வாசலத் தாண்டிப் போறது லெச்சுமி. அவளத் தூக்கி ஒன் வண்டியில போடச் சொல்றியா?"

"அப்ப நேத்துப் பையில கட்டிக் குடுத்தது?"

"அது குப்பை."

அடுத்த தெரு முஸ்லிம் தெரு. அங்கே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புகிற அவசரம், பேச்சே கிடையாது. நான் கிழமையை மாற்றச் சொன்னேன். அட்டவணை மேலிடத்திலிருந்து வந்தது, மாற்ற விதியில் எங்கே இடம் இருக்கிறது என்றார் ஆய்வாளர். ஒரு மாதம் காலி வண்டியைத் தள்ளினோம். பிறகு ஒருநாள் அவரே விதியைத் தேடிப் பார்த்திருக்கிறார், சனிக்கிழமை என்று மாற்றிவிட்டார். அந்த ஒரு மாதம் என் முழங்காலில் இன்னும் இருக்கிறது.

எப்படியோ ஊர் வழிக்கு வந்தது. கலந்து கொடுத்தால் வாங்க மாட்டோம், அவ்வளவுதான் வழி. திட்டுவார்கள். நாங்கள் பதில் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போவோம். மறுநாளும் வாங்க மாட்டோம். நாற்றம் அவர்கள் வீட்டில்தானே. தானாகப் பிரித்துவிடுவார்கள். ஊருணிக்கரையில் புகை நின்றது. கரையில் புல் முளைத்ததைப் பார்த்து ஆய்வாளர் வண்டியை நிறுத்திச் சற்று நேரம் நின்றார். அது நல்ல "ம்".

அப்போதுதான் கடல் வந்தது.

கடலிலோ கரையிலோ எதையும் கொட்டக் கூடாது, கொட்டினால் அபராதம் என்று உத்தரவு வந்தது. சரியான உத்தரவுதான். கரை முழுக்கக் கிழிந்த வலையும் பாலிதீன் பையுமாகக் கிடக்கும். கரையில் பலகை வைத்தோம். கடற்கரைத் தெரு முழுக்க மீன்பிடிக் குடும்பங்கள், பெரும்பாலும் தங்கச்சிமடம் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவர்களின் சொந்தக்காரர்கள். ஊரிலேயே ஒழுங்காகக் குப்பை பிரித்தவர்கள் அவர்கள்தான். ஞாயிறு பூசையில் சாமியாரும் சொல்லிவிட்டார். பலகை வைத்த மறுநாளிலிருந்து கரையில் ஒரு மீன் செதிள் கிடையாது. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பச்சைத் தொட்டியில் போட்டார்கள்.

எல்லாவற்றையும் என்றால், திருக்கை முள்ளையும்.

திருக்கை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விசிறி மாதிரி தட்டையான மீன். வாலின் மேல் ஒரு முள் இருக்கும். விரல் நீளம், இரண்டு பக்கமும் ரம்பப் பல், பற்கள் பின்னோக்கி வளைந்தவை. உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், வெளியே இழுத்தால் சதையோடு வரும். விஷமும் உண்டு. மீன் செத்த பிறகும் உண்டு. வலையிலிருந்து திருக்கையை எடுத்ததும் முதல் வேலை அந்த முள்ளை ஒடித்தெடுப்பது, பிறகு கடலில் போட்டுவிடுவது. அத்தனை காலமும் அப்படித்தான். இப்போது கடலில் எறியக் கூடாது. மீன் உடம்பில் இருந்தது மக்கும்தானே. பச்சைத் தொட்டி.

உரக்கொட்டகையில் பச்சைத் தொட்டிக் குப்பையைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, தப்பி வந்த பிளாஸ்டிக்கைக் கையால் பொறுக்குவார்கள். அந்த வேலையில் புவனா இருந்தாள். மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர்கள். தினமும் முகாமிலிருந்து பேருந்தில் வருவாள். முகாமில் ஆள் சரிபார்க்கிற நாளில் மட்டும் தாமதமாகும். எங்களிலேயே வேகமான கை அவளுடையது. நாங்கள் ஒரு கூடை பொறுக்குவதற்குள் மூன்று முடித்துவிட்டு, "என்ன அண்ணை, குப்பைக்குச் சுகம் விசாரிக்கிறியளோ?" என்று கேட்பாள்.

வாழை இலைக்கு அடியில் கையை விட்டாள். "அம்மோ" என்றாள். கத்தக்கூட இல்லை. நான் திரும்பிப் பார்த்தபோது வலது கையை இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் கீழே, உள்ளங்கைச் சதையில், கையுறையைத் துளைத்து முள் நின்றது. பக்கத்தில் இருந்த ஒருத்தி பதறிப்போய்ப் பிடித்து இழுத்துவிட்டாள். பாதி வந்தது, பாதி உள்ளே ஒடிந்தது. அதன் பிறகுதான் புவனா கத்தினாள். ஐஸ் கம்பெனியில் இந்தக் கத்தலை நான் கேட்டிருக்கிறேன். படகு வைத்திருக்கும் பெரிய பெரிய சம்மாட்டிகள் மணலில் புரண்டு கத்துவார்கள். எதிர் டீக்கடையிலிருந்து சுடுதண்ணீர் வாங்கி, தாங்குகிற சூட்டில் கையை முக்கிப் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கை முழங்கை வரை வீங்கிவிட்டது. கீறி எடுத்தார்கள். சீழ் பிடித்தது, மறுபடி கீறினார்கள். கை தப்பியது. அந்த இரண்டு விரல்களும் அதன் பிறகு மடங்கவில்லை.

இனிமேல்தான் எனக்கு இன்றும் ஆறாத இடம். ஒப்பந்ததாரரின் ஆள் ஒருவர் விசாரிக்க வந்தார்.

"கையுறை போட்டிருந்தாளா?"

"போட்டிருந்தா. இந்தாங்க கையுறை." நான் காட்டினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஓட்டை இருக்கே."

"முள்ளு குத்துன ஓட்டைங்க."

"அது எப்படி இருந்தாலும், ஓட்டைக் கையுறை போட்டு வேலை பாத்தது அவ தப்புதான?"

நான் எட்டாவது முடிக்காதவன். இதற்குப் பதில் சொல்ல எந்த வகுப்பு வரை போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கை சரியானால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார். புவனாவுக்கு முகாமை விட்டு வெளியே கிடைத்த முதல் மாதச் சம்பள வேலை அது. படித்த படிப்புக்கு வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் ஊர் எது, அட்டை எங்கே என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். குப்பைதான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆய்வாளர் ஒடிந்த முள்ளை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்தத் தொட்டியில வந்தது?"

"பச்சை, சார்."

"விதிப்படி சரியாத்தானே போட்டிருக்காங்க. மக்கும் குப்பை."

"முள்ளு மக்கும் சார். அதுக்கு முந்தி நாங்க மக்கிருவோம்."

முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்குக் கடற்கரைத் தெருவுக்குப் போகலாம் என்றார்.

போனோம். கோயில் வாசலிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் புட்டியைத் தூக்கிக் காட்டி, நடந்ததைச் சொன்னார். புவனாவை எல்லோருக்கும் தெரியும். பிறகு ஸ்டெல்லா ஆரம்பித்தார். நாட்டுப்படகுக்காரர் வீட்டம்மா, தெருவில் அவர் பேசினால் அலை கேட்காது.

"கடல்ல போடாதன்னு பலகை வச்சது ஆரு?"

"நாங்கதாம்மா."

"கரையில போடாதன்னது?"

"நாங்கதான்."

"அப்பறம் எங்கன போட? வாயிலயா?"

"அத கேக்கத்தாம்மா வந்திருக்கேன். இந்த முள்ளை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார் ஆய்வாளர்.

தெரியவில்லை என்று ஒரு அதிகாரி சொன்னதும் ஆண்கள் பக்கம் சிரிப்பு. ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "சார், படகுல இருந்தா நாங்க மட்டையிலதான் குத்தி வைப்போம். படகுத் தட்டுல கெடந்தா கால்ல ஏறிருமில்ல."

"என்ன மட்டை?"

"தேங்கா மட்டை சார். உரிச்ச மட்டை. நாருல குத்திட்டா அந்தப் பல்லே அதப் புடிச்சுக்கிரும். தலைகீழாப் புடிச்சாலும் விழாது. பலகை வைக்கிற வரைக்கும் அப்பறம் மொத்தமாத் தூரக்கடல்ல போடுவோம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "ஏன்யா, படகுல மட்டையில குத்தத் தெரியுது. வீட்டுல மட்டும் ஏன்யா வெறுமனே தொட்டியில போடுறீக?"

அவர் பதில் சொல்வதற்குள் ஸ்டெல்லா சொன்னார். "வீட்டுக்குத்தான் நீங்க தொட்டி குடுத்துட்டீகளே. ஓட்டையெல்லாம் போட்டு."

தொட்டி கொடுக்காமலிருந்தால் அவர்கள் பாட்டுக்குப் பத்திரமாக இருந்திருப்பார்கள். கொடுத்த பிறகு, யோசிக்கிற வேலையும் தொட்டியோடு சேர்ந்து எங்களிடம் வந்துவிட்டது. எங்களிடம் வந்ததை நாங்கள் செய்யவில்லை. அவ்வளவுதான்.

ஆய்வாளர் அங்கேயே நின்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பேட்டரி, குழல் விளக்கு, ஊசி எல்லாம் சேர்ந்த வீட்டு அபாயக் கழிவு என்று ஒரு வகை இருந்தது. "ஊசியோட சேரும்" என்றார். அந்த வார்த்தையைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால் அவருக்கே அறுவைச் சிகிச்சை நடந்து முடிந்த மாதிரி இருந்தது. வீட்டு வாசலில் கம்பியில் ஒரு மட்டை தொங்க வேண்டும், திருக்கை முள், கெளுத்தி முள், தூண்டில், பிளேடு எல்லாம் அதில் குத்த வேண்டும், எங்கள் ஆள் குறடால் பிடுங்கித் தகர டப்பாவில் போட வேண்டும். அன்று சாயங்காலமே தெரு முழுக்க மட்டை தொங்கியது.

புவனா கட்டுப் பிரித்து வந்தாள். ஒப்பந்ததாரரின் ஆளும் வந்தார். மண்வெட்டி பிடிக்கச் சொன்னார். விரல் இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன, மண்வெட்டி நழுவியது. "பாத்தீங்களா சார்?" என்றார். ஆய்வாளர் பார்த்தார். தன் பிரம்பை அவளிடம் நீட்டினார்.

"இதைப் பிடிங்க."

பிடித்தாள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் போதுமானதாக இருந்தன.

"மூடியைத் தூக்கிப் பாக்குற வேலைக்கு ஒரு ஆள் வேணும்னு நான் ரொம்ப நாளா எழுதிக் கேட்டுட்டு இருக்கேன். விதியில இருக்கு." ஒப்பந்ததாரரின் ஆளைப் பார்த்து, "குப்பையில என்ன ஒளிஞ்சிருக்கும்னு இவங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்றார்.

அவர் மாற்றலாகிப் போன பிறகும் பிரம்பு அவளிடமே இருந்தது, கடற்கரைத் தெரு வண்டியும் அவள் பொறுப்பு. "ம்" மட்டும் அவளுக்கு வரவில்லை. அவள் பேசியே கொல்வாள்.

இப்போது காலம் மாறிவிட்டது. பேட்டரி வண்டி வந்துவிட்டது, பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. நல்லது, என் முழங்காலுக்கு அது முன்னமே வந்திருக்கலாம். ஆனால் வீட்டுக் கதவில் எல்லாம் கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். பணியாளர் அதைக் கைப்பேசியால் படம் பிடித்தால், அந்த வீட்டில் குப்பை வாங்கியாயிற்று என்று அலுவலகத் திரையில் பச்சை விழும். பிடிக்காவிட்டால் சிவப்பு. தொட்டிக்குள் என்ன இருந்தது என்று திரை கேட்பதில்லை. கதவைப் பார்க்கிறார்கள், தொட்டியைப் பார்ப்பதில்லை. அந்தத் திரையில் வந்த கதவுப் படத்தைப் பார்த்துத்தான், வாசலில் அசிங்கமாக ஏதோ தொங்குகிறது என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார்.

செல்வம் திரும்பி வராததால் நானே அலுவலகம் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "புரியுது பெரியவரே. போட்டோ எடுக்கிற வரைக்கும் மட்டும்தான். அப்புறம் திருப்பிக் கட்டிக்கலாம்" என்றார். அதுவரை திருக்கையை அனுப்பாதே என்று கடலுக்கு யார் சொல்வது என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

அவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் காலையில் நான் கடற்கரைத் தெருவுக்கு நடந்து போனேன். தெருமுனையில் பேட்டரி வண்டி பாட்டை நிறுத்திவிட்டு நின்றது. புவனா வண்டியில் சாய்ந்து நின்றாள். வீட்டு வாசல்களில் பச்சையும் நீலமும் வரிசையாகக் காத்திருந்தன. செல்வம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஸ்கேன் மட்டுமாச்சும் போடுங்கக்கா. தெரு முழுக்கச் சிவப்பா நிக்குது."

"குப்பை எடுக்காம எப்பிடித் தம்பி ஸ்கேன் போடுறது? பொய்யெல்லே அது."

"அப்ப எடுங்க."

"மட்டை இல்லாத வாசல்ல நான் எடுக்கமாட்டன். முள்ளு எங்க இருக்கு எண்டு அவையளக் கேளுங்கோ."

செல்வம் ஸ்டெல்லாவைப் பார்த்தான். அவர் இடுப்பில் கைவைத்து நின்றார். "நேத்து எங்க வலையில ஏழெட்டுத் திருக்கை. மட்டையத்தான் நீங்க அவுத்துட்டுப் போயிட்டீக. எந்தத் தொட்டியில போட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நீயே கைய விட்டுப் பாரு ராசா."

அவன் பச்சைத் தொட்டியைப் பார்த்தான். பிறகு புவனாவின் கையைப் பார்த்தான். தினமும் பார்க்கிற கைதான். நான் சொன்ன கை இதுதான் என்று தெரியாமல், பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தானாம். பிறகு என்னிடம் சொன்னான்.

கைப்பேசி அடித்தது. அதிகாரி. திரையில் ஒரு தெரு முழுக்க ஏன் சிவப்பு, நாளைக்குக் குழு வருகிறது தெரியுமா என்று கத்துவது எங்களுக்கே கேட்டது. செல்வம் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினான். திரும்பி வந்தவன் முகம் வியர்த்திருந்தது. "சாயங்காலத்துக்குள்ள மட்டை வந்துரும்க்கா" என்றான். "விதியில இருக்குன்னு சொன்னேன். ஊசியோட சேரும்னு." ஆக, அன்றைக்கு என் வாசலில் நின்று பாதிக் கதையையாவது காதில் வாங்கியிருக்கிறான்.

மட்டை வந்தது. ஆனால் அலுவலகம் கொடுத்தால் சும்மா கொடுக்குமா? எல்லா மட்டைக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்து, வரிசையாக எண் போட்டு, புதுக் கம்பியில் கட்டி அனுப்பியிருந்தார்கள். அபாயத்துக்கு மஞ்சள்தான் என்று யாரோ சொன்னார்களாம். பெயிண்ட் காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிட்டது. ஸ்டெல்லா ஒரு முள்ளைக் குறடால் பிடித்துக் குத்திப் பார்த்தார். இறங்கவில்லை. வழுக்கியது.

"அடப் பாவிகளா" என்றார். நானும் அதையேதான் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சேர்த்து.

பிறகு அவர் மட்டையைத் திருப்பினார். பின்பக்கம் பெயிண்ட் படாத வெறும் நார். அதில் குத்தினார். நின்றது. தெரு முழுக்க அப்படியே செய்தார்கள்.

மறுநாள் ஆய்வுக் குழு வந்தது. மஞ்சள் மட்டைகளைப் பார்த்து, எண்களைப் பார்த்து, மிகவும் சந்தோஷப்பட்டு, ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார்கள். யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் புவனா முதல் வாசலுக்குப் போனாள். பிரம்பு நுனியால் மட்டையைத் திருப்பினாள். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மடங்குகிற விரல்களால் குறடைப் பிடித்து முள்ளைப் பிடுங்கித் தகர டப்பாவில் போட்டாள். அது அடியில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகுதான் கைப்பேசியை எடுத்துக் கதவைப் படம் பிடித்தாள்.